இப்ப நீங்கள் சொல்லுங்கோ

பெரியநாயகித்துறையில் கடல் முதன்முதலாக வாயை மூடிக்கொண்டபோது நான் ஒரு சீலா மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மீன், செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தமாய்ச் சிவந்திருந்தது, இரண்டு வியாபாரிகள் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள், அடுத்த விலையைக் கூவ நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்துச் செருமினேன், அந்தச் செருமலும் கேட்கவில்லை. காக்காய்கள் சும்மா வாயைத் திறந்து மூடின, ஐஸ் உடைக்கிறவர் கட்டையை ஓங்கி அடித்தார், பாளம் சத்தமில்லாமல் சிதறியது, அலை எழும்பி வந்து மணலில் விழுந்து திரும்பிப் போனது, அதற்கும் சத்தம் இல்லை. அதற்குள்ளே, மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுப் புறவாசலில் இருந்து ஒரே ஒரு குரல், தெருத்தெருவாய் மீன் கூவி உரமேறிய குரல், ஊர் முழுக்கக் கேட்டது: "போம் தியா!" உடனே காக்காயும் கடலும் நானும் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினோம். கவனம் சிதறினதில் அந்தச் சீலா சல்லி விலைக்குப் போய்விட்டது, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் பெயர் தொபியாஸ். எனக்குச் சோறு போடுவது தொண்டை, அதனால் சத்தம் நின்று போனதில் இந்த ஊரில் முதல் நஷ்டம் எனக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் கித்தேரியுடையது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து கடலை விட்டு உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போய் விற்பவள், கல்யாணம் கட்டாதவள், தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபிறகு தம்பி கஸ்பாரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அந்தக் கஸ்பார் வளர்ந்து கப்பலேறி, பிரேசில் தேசத்தில் சாந்தோஸ் என்ற துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, அந்தப் பெண்ணையும் நோய்க்குக் கொடுத்துவிட்டு, ஒரு மகளை வைத்துக்கொண்டு மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் அந்தப் படகு திரும்பவில்லை.

சேதியைச் சொன்னது அங்கே ஒரு மடத்தில் வேலை செய்கிற மலையாளத்து சிஸ்டர். பங்குச்சாமி வீட்டுக்குப் போன் வந்தது, சாமி ஆளனுப்பிக் கித்தேரியைக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். படகுப் பலகை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை, தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள் என்றார் சிஸ்டர். எட்டு வயதுப் பிள்ளை, பெயர் லீடியா, போர்ச்சுகீஸ் தவிர ஒரு பாஷையும் தெரியாது, அப்பா வரத் தாமதமாகிறது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம், இனி வர மாட்டார் என்பதை அவளுடைய சொந்த ரத்தம்தான் சொல்ல வேண்டும், பேப்பர் எல்லாம் முடிந்து கூட்டிக்கொண்டு வர மாசக்கணக்காகும், அதற்குள் நீங்கள் அந்தப் பாஷையில் நாலு வார்த்தை படித்து அவளிடம் சொல்வீர்களா என்று கேட்டார்.

"சொல்லுதேன் சிஸ்டர். பிள்ளைய அனுப்பி வைங்க. நான் சொல்லுதேன்," என்றாள் கித்தேரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் உடல் கரைக்கு வராத ஒருத்தனைச் செத்தான் என்று எங்கள் துறையில் சொல்வதே இல்லை. கடலுக்குப் போயிருக்கிறான் என்போம். அவனுக்கு மணி அடிப்பதில்லை, பூசை வைப்பதில்லை, அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதில்லை, முக்கியமாக யாரும் அழுவதில்லை, அழுதால் நாமே வழியனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும், வர இருந்தவனும் திரும்பிப் போய்விடுவான் என்று ஒரு பயம்.

வெளியே வந்து, "ஏளா, என்ன வாக்குக் கொடுத்துட்டு வார? எப்பிடிச் சொல்லுவ?" என்று கேட்டேன்.

"தமிழ்ல சொன்னாத்தான அண்ணாச்சி தப்பு? அந்தப் பாஷையில சொன்னா நம்ம கடலுக்கு எங்க புரியப்போவுது," என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது.

டவுனில் செல்போன் கடைக்காரன் ஒருவன் அவளுடைய போனில் பாடங்களை ஏற்றிக் கொடுத்தான். லிஸ்பனில் குடியேறின ஈழத்துத் தமிழ் அம்மா ஒருத்தி நம்மவர்களுக்காகச் சொல்லிக் கொடுத்த பாடங்கள். பெயர்கூடத் தெரியாது, சாந்தமான குரல், பின்னால் எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும். அந்த அம்மா ஒரு வாக்கியத்தைப் போர்ச்சுகீஸில் சொல்லுவாள், தமிழில் அர்த்தம் சொல்லுவாள், பிறகு, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, படிக்கிறவள் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் ஊரில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அந்த அம்மா கித்தேரிக்கு ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் வேறு யாருக்கும், கடலுக்கும்கூட, வாய் கிடையாது.

ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முன்னால் கூடினோம், எந்த நேரத்தில் படித்தால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று வெயில் ஏறுகிறவரை பேச்சு நடந்தது. காலையில் கூடவே கூடாது, ஏலம் கெடும் என்று நான் சண்டை போட்டேன். சாமி பிரசங்கத்துக்கும் மணியடிக்கும் நேரத்துக்கும் விதிவிலக்குக் கேட்டார். மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரம் ஆகட்டும், அந்த ஒரு நேரமாவது வீடு வீடாக இருக்கும் என்று பொம்பளைகள் சொன்னார்கள், அதுவே நிலைத்தது. கித்தேரி ஓரமாய்த் தலையைக் குனிந்து நின்று, "என்னால எல்லாருக்கும் தொந்தரவு," என்றாள். "தொந்தரவு என்னளா தொந்தரவு, பிள்ளைக்காகல்லா படிக்க," என்று யாரோ சொல்லி அவளை அனுப்பி வைத்தார்கள்.

அப்படித்தான் எங்கள் ஊர் அந்த அமைதிக்குப் பழகியது, கரண்டு போய் வருவதற்குப் பழகினதைப் போல. மதியமானால் மோட்டார் ஓட்டுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், வழக்கு தீர்க்கிறவர்கள் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், சண்டை போடுகிற புருஷனும் பெண்டாட்டியும் பாதி வசவில் நின்று, சத்தம் திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு சோறு தின்னப் போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து காது கேளாத பவுலு மட்டும் அந்த நேரத்தில் தெருவில் இறங்கி எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தான், தன் ஊருக்கு விருந்தாட்கள் வந்த மாதிரி அவனுக்கு ஒரு பெருமை. கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன் என்று சொல்ல வந்த கட்சிக்காரர், நேரம் தெரியாமல் மதியத்தில் மைக்கைப் பிடித்தார், எந்த வருஷம் கட்டுவேன் என்று சொல்ல வாயெடுத்த இடத்தில் ஒலிபெருக்கி செத்தது, அவர் கையை ஆட்டி ஆட்டி ஊமையாய்ப் பேசிக்கொண்டிருக்க, புறவாசலில் இருந்து கித்தேரி, "குவாந்து குஷ்தா?" என்றாள். விலை எவ்வளவு என்று அர்த்தம். சத்தம் திரும்பியபோது ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

மிக்கேல் மகளுக்குப் பிரசவ வலி கண்டதும் அந்த நேரத்தில்தான். பிள்ளை வெளியே வந்தது, அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார்கள், வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, சத்தம் இல்லை. பெற்றவளுக்கு உயிர் போய் வந்தது. கித்தேரி ஒன்றும் தெரியாமல் அங்கே ஓட்டல் பாடம் படித்துக்கொண்டு, "ஆ கோந்தா, பொர் ஃபவோர்," பில் கொண்டுவாருங்கள் என்று சொல்லி முடித்தாள், உடனே பிள்ளை வீல் என்று அலறியது. ஞானஸ்நானத்தில் என்னவோ பெயர் வைத்தார்கள், ஊருக்கு அவன் கோந்தாதான்.

இப்படித் தினமும் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது. கேட்காமல் இருக்க முடியாதே, கேட்பதற்கு வேறு சத்தம் இல்லையே. நானே ஏலத்தில் "குவாந்து குஷ்தா" போட ஆரம்பித்தேன், வியாபாரிகள் விழிக்கிற விழியில் விலை கொஞ்சம் ஏறியது.

இதில் விளையாட்டில்லாமல் நின்றவள் ஞானப்பூ ஒருத்திதான். ஞானப்பூ எனக்கு மைனி முறை. ஒரு புயலில் அவள் புருஷனும் இரண்டு ஆண்மக்களும் ஒரே வள்ளத்தில் போனார்கள், வள்ளம் வரவில்லை. அது நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் பார்த்ததில்லை, யாராவது பரிதாபமாய்ப் பேச்சைத் தொடங்கினால், "கடலுக்குப் போயிருக்காவ, வருவாவ," என்று சொல்லி எழுந்து போய்விடுவாள். மதியம் சத்தம் அடங்கியதும் அவள் கரைக்கு வந்து கடலைப் பார்த்து நிற்கத் தொடங்கினாள். பிறகு அவளைப்போல ஆளைக் காணாத மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். அலை சத்தமில்லாமல் வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். அப்போது அந்தப் பெரிய தண்ணீர் முழுக்கக் காதாக மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி எனக்கே தோன்றியிருக்கிறது.

ஒருநாள் அவர்கள் எல்லோருமாய்க் கித்தேரி வீட்டுக்கு வந்தார்கள். "அந்த நேரத்துல உன் சத்தம் ஒண்ணுதான் கேக்கு. எங்க ஆளுவ பேரையும் ஒருக்கச் சொல்லு, கடல் கேக்கட்டும்," என்றாள் ஞானப்பூ. என் பெயர் இன்னது என்று சொல்கிற பாடம் அப்போது நடந்துகொண்டிருந்தது. கித்தேரி மறுக்கவில்லை. "ஓ மெவு நோம் எ" என்று சொல்லி, தன் பெயருக்குப் பதிலாக ஞானப்பூவின் புருஷன் பெயரைச் சொன்னாள், பிறகு மூத்தவன் பெயரை, பிறகு இளையவன் பெயரை, அதற்கடுத்து ஒவ்வொரு பெண்ணும் கொடுத்த பெயர்களை, போன வருஷம் போனவர்கள், நான் சின்னப்பயலாய் இருந்தபோது போனவர்கள், ஒருத்தரும் கேட்காமலே கடைசியாகக் கஸ்பார் பெயரை. அந்தப் பாடத்தையே அவள் பல நாள் போட்டாள். கரையில் நின்ற பெண்களின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் கித்தேரியிடம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு குடும்பப் பாடம் வந்தது. என் அம்மா ஆசிரியை, என் அண்ணன் உயரம் என்றெல்லாம் கித்தேரி சொன்னது ஊருக்குக் கேட்டது. அப்புறம் அமைதி விழுந்தது, எல்லோரும் காத்திருந்தோம், குரல் வரவில்லை. முதல்முறையாக அந்த இடைவெளி காலியாகவே நின்று முடிந்தது. கடல் சத்தம் திரும்பியதும் ஞானப்பூ கரையிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன்.

"என்னளா ஆச்சு? ஏன் சொல்லல?"

கித்தேரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா செத்துப்போனார்னு சொல்லச் சொல்லுது மைனி. நான் தேடினது இதைத்தான். சிஸ்டருக்குக் கொடுத்த வாக்கு இதுதான்."

ஞானப்பூ அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "சொல்லிராத கித்தேரி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன். அந்த அமைதியில அதச் சொல்லிராத."

"அந்தப் பாஷைதான மைனி, நம்ம கடலுக்கு..."

"கடலும் உன்கூடத்தான படிச்சிருக்கு! முத பாடத்துல இருந்து வாயப் பொத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கு. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியும். நீ எங்க ஆளுவ பேரெல்லாம் சொல்லி முடிச்சிருக்க, அந்தக் கையோட செத்தான்னு சொன்னா அது யாரைன்னு எடுத்துக்கும்?"

கித்தேரி போனை அணைத்தாள். பிறகு, "எனக்கும் சொல்ல வாய் வரல மைனி. என் தோள்ல கெடந்த பய," என்றாள். அந்தப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு ரயில் டிக்கெட் எடுக்கிற பாடத்துக்குப் போனாள். நாளை வரும், நாளை வரும் என்று ரயிலைப் பற்றி அதில் திரும்பத் திரும்ப வரும். நாளைக்கு அந்தப் பாஷையில் அமஞ்யா.

லீடியா வந்து இறங்கியது ஒரு சாயங்காலம். சக்கரம் வைத்த நீலப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். நிறம் எங்கள் நிறம், முடி மட்டும் சுருள் சுருளாய், நடை அப்படியே கஸ்பார். ஊரே தெருவின் இரண்டு பக்கமும் நின்று, பொழுது சாய்கிற நேரத்தில், "போம் தியா, போம் தியா," என்று காலை வணக்கம் சொன்னது. அந்தப் பிள்ளை ஒவ்வொருத்தராய் நிமிர்ந்து பார்த்து, மரியாதையாய்த் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கித்தேரி முட்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் கூட்டத்தில் தேடி, "பாப்பாய்?" என்று கேட்டாள்.

அப்பாவைக் கேட்கிறாள், அதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கப் பாடம் தேவையில்லை. சிஸ்டர் கித்தேரியைப் பார்த்தார். கித்தேரி என்னைப் பார்த்தாள், நான் கடலைப் பார்த்தேன். கித்தேரியின் வாய் திறந்தது, அவள் சொல்லத்தான் போனாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன், அதற்குள் கூட்டத்தில் யாரோ, அப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்கிற மாதிரி, சிரித்த முகத்தோடு, "அமஞ்யா," என்றார்கள். இன்னொருத்தர் சொன்னார். அப்புறம் எல்லோரும் சொன்னோம், அமஞ்யா, அமஞ்யா, நாளைக்கு வந்துருவார் கண்ணு, அமஞ்யா.

"நீங்க சொல்லுவேன்னு சொன்னீங்களே," என்றார் சிஸ்டர்.

"சொல்லுவேன் சிஸ்டர். இன்னைக்குத்தான வந்திருக்கா," என்றாள் கித்தேரி. சிஸ்டர் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, எங்கள் யாரிடமும் பேசாமல் காரில் ஏறினார்.

அந்தக் காலையிலிருந்து லீடியா எழுந்ததும் குளித்து, தானே தலைசீவி, துணியெல்லாம் மடித்து நீலப் பையில் வைத்து மூடி, அதை இழுத்துக்கொண்டு கரைக்குப் போய், வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்துகொள்வாள். மணலில் சக்கரம் உருளாது, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போவாள், உதவிக்குப் போனால் வேண்டாம் என்று தலையாட்டுவாள். சாயங்காலம் கித்தேரி போய்க் கூப்பிட்டால் திரும்பி வருவாள். பக்கத்தில் போகிறவர்கள் எல்லாம் குனிந்து, "அமஞ்யா," என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அவள், "ஒப்ரிகாதா," என்பாள். நன்றி. சோற்றைப் போட்டால் நன்றி, தண்ணீர் கொடுத்தால் நன்றி, அதைத் தவிர வாயைத் திறப்பதில்லை. சோறு தட்டில் ஒதுங்கிக் கிடக்கும். கன்னம் ஒட்டத் தொடங்கியது. கித்தேரி மீன் பெட்டியைத் தூக்குவதை விட்டுவிட்டு, தெரிந்த வாக்கியம் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிப் பார்த்தாள், காபி வேண்டுமா, உனக்கு எந்த நிறம் பிடிக்கும், இன்றைக்கு நல்ல வெயில். ஓட்டல் பாஷையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எவ்வளவுதான் தேற்ற முடியும்?

ஒருநாள் கரையில் கிடந்த பெரிய தூண்டில் முள் ஒன்று லீடியாவின் குதிகாலில் ஏறிவிட்டது. அலகு உள்ளே மாட்டிக்கொண்டது. வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன், இடுக்கி போட்டுச் சதையோடு இழுத்தார்கள். பெரிய ஆட்களே கத்துகிற வேலை. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழக்கூடாது, அழக்கூடாது," என்று சுற்றி நின்றவர்கள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்கள், சிரித்துக் காட்டினார்கள். அவள் அழவில்லை. முள் வெளியே வந்ததும், "ஒப்ரிகாதா," என்றாள். "ஆத்தாடி, என்ன தைரியம்! கஸ்பார் மகளாக்கும்!" என்று ஊர் மெச்சியது. ஞானப்பூ மட்டும் மெச்சவில்லை. அவள் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தாள், பின்பு எழுந்து, சேலைத்தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பொழுது சாயுமுன்னே அவள் கித்தேரியிடம் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கப் போயிருந்தேன். ஞானப்பூ உட்காரவில்லை.

"அந்தப் பாடத்தைப் போடு கித்தேரி."

"எந்தப் பாடம் மைனி?"

"நான் வேண்டாம்னு சொன்ன பாடம்." அவள் குரல் கனமாக இருந்தது. "அந்த மூஞ்சி யார் மூஞ்சின்னு நேத்துத்தான் பாத்தேன். என் மூஞ்சி. எனக்கும் இப்பிடித்தான், எங்க குத்தினாலும் அழுகை வராது. நான் பழகிட்டேன், என் ஆயுசு போயிட்டு. இது எட்டு வயசுப் பிஞ்சு, இதயும் ஒரு ஞானப்பூவா ஆக்கி வைக்கணுமா? போடு."

"கடல் கேக்குமே மைனி."

"கேக்கட்டும்," என்றாள் ஞானப்பூ. "நல்லாக் கேக்கட்டும்."

மூன்று பேரும் கரைக்கு நடந்தோம். பாடம் போடுகிற நேரம் அது இல்லை, ஆனாலும் கித்தேரி கையில் போனையும் பின்னால் ஞானப்பூவையும் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது, வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள், தெருவிலிருந்த பெண்கள் வந்தார்கள், சாமியும் வந்து ஓரமாய் நின்றார். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. காலில் கட்டோடு அன்றைக்கும் நொண்டிக்கொண்டு வந்திருந்த லீடியா பையின் மேல் உட்கார்ந்து எங்கள் கூட்டத்தைப் பார்த்தாள். கித்தேரி அவள் முன்னால் மணலில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து அமுக்கினாள். லிஸ்பன் அம்மாவின் சாந்தமான குரல், என் அப்பா இறந்துபோனார் என்பதைப் போர்ச்சுகீஸில் நிதானமாய்ச் சொல்லி, தமிழிலும் சொல்லி, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ," என்றது.

எல்லாம் நின்றது. கித்தேரி பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்கக் கூவுகிற அந்தக் குரலில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை, ஆனாலும் ஊரின் கடைசி வீடு வரைக்கும், அதற்கு அப்பால் தண்ணீர் வரைக்கும் அது போயிருக்கும்.

"பாப்பாய் மொறெவ்," என்றாள். அப்பா செத்துப்போனார்.

சொல்லி முடித்ததும் சத்தம் திரும்ப வேண்டும், அதுதான் வழக்கம். திரும்பவில்லை. போனில் அந்த அம்மாவும் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை. அலை சத்தமில்லாமல் வந்து போனது. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், அந்த இடைவெளி கித்தேரிக்குக் கொடுக்கப்பட்டது என்று நினைத்திருந்தோம், அவள் சொல்லியாகிவிட்டது, பிறகு யாருக்காக அது இன்னும் திறந்து கிடக்கிறது?

லீடியா பேசினாள். அந்த அமைதியில் கித்தேரியைத் தவிர இன்னொரு குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல்தடவை.

"ஏவு சேய்," என்றாள்.

தெரியும், எனக்குத் தெரியும் என்று அர்த்தம், அவ்வளவு பாஷை எங்களுக்கும் வந்திருந்தது. அவள் சொன்ன விதத்தில் மீதியும் விளங்கியது, சாந்தோஸில் இருந்தபோதே தெரியும். நாங்கள் சிரித்த முகத்தோடு தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று சொன்னபோதும் தெரியும். இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாய்ச் சொல்கிறார்களே என்று, எங்கள் மனம் நோகக் கூடாதே என்று, அந்தப் பிள்ளை தினமும் பையை அடுக்கி இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அவள் கித்தேரியின் முகத்தைப் பார்த்து இன்னொன்று கேட்டாள். "பொஸ்ஸு ஷொரார்?"

பொஸ்ஸு எங்களுக்குத் தெரியும், உள்ளே வரலாமா, இங்கே உட்காரலாமா, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்கிற வார்த்தை அது. இரண்டாவது வார்த்தை எந்தப் பாடத்திலும் வரவில்லை. பிரயாணம் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது என்று அந்த லிஸ்பன் அம்மா விட்டிருப்பாள். என்னவோ ஒன்றைச் செய்யலாமா என்று பிள்ளை கேட்கிறாள், எதை என்று கித்தேரிக்குத் தெரியாது, எங்கள் யாருக்கும் தெரியாது. கித்தேரி ஞானப்பூவைத் திரும்பிப் பார்த்தாள். ஞானப்பூ தலையை அசைத்தாள்.

"பொதெ," என்றாள் கித்தேரி. செய்யலாம். "பொதெ, என் தங்கமே. பொதெ."

லீடியா வாயைத் திறந்து அழுதாள். அப்போதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது. ஞானப்பூ மணலில் உட்கார்ந்து நெஞ்சில் அறைந்துகொண்டு, புருஷனுக்கும் இரண்டு மக்களுக்குமாகச் சேர்த்து அழுதாள், அவளோடு கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், எங்கள் ஒருத்தர் அழுகைக்கும் சத்தம் இல்லை. பிள்ளையின் குரல் மட்டும்தான் கேட்டது. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கடல் வாயைத் திறக்கவில்லை.